அப்பாவா, நைனாவா

சுதந்திரம் வந்த மறுவருஷம், ஆடிக் கிருத்திகைக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் டீக்கடையைத் தூக்கிவிடப் பார்த்தார்கள். திருத்தணி மலைப்படிக்கு எதிரே, புளியமரத்தடியில், அப்பாவும் மகளுமாக, என் நைனாவும் நானும் போட்ட கடை. வெறும் கீற்றுக் கொட்டகைதான். ஆனால் எங்கள் இரண்டு பேர் வயிறும் அந்த அடுப்பை நம்பித்தான் இருந்தது. அது போனால் மறுபடி நடுத்தெரு.

மறுபடி என்று ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை தெருவுக்கு வந்தவர்கள். நான் பிறந்தது ரங்கூனில். அங்கே நைனா டீக்கடை வைத்திருந்தார். அந்த ஊர்க்காரர்கள் எங்களைக் "கலா" என்பார்கள், வெளியிலிருந்து வந்தவன் என்று அர்த்தம். யுத்தத்தில் குண்டு விழுந்ததும் காடும் மலையுமாக நடந்து வந்தோம். அம்மா வழியிலேயே போய்விட்டாள். நைனா பிறந்தது இதே தாலுகாவில், ஆர்.கே.பேட்டைப் பக்கம். அந்தத் தைரியத்தில் இங்கே வந்தால், இங்கே எங்களுக்குப் பெயர் "பர்மாக்காரங்க"! சிரிப்பதா அழுவதா, சொல்லுங்கள். யாராவது "ஏ பர்மா" என்று கூப்பிட்டால் நைனா பேசாமல் திரும்பிப் பார்ப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயம் ஊரில் எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. திருத்தணி தமிழ்ப் பக்கமா தெலுங்குப் பக்கமா, யார் இந்த மண்ணுக்காரன், யார் வந்தவன் என்று. என் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் அதையும் பேசுவார்கள், என் டீயைக் குடித்துக்கொண்டே. இந்தச் சூட்டில் குளிர்காய நினைத்தார் வெல்லமண்டிக்காரர். அவர் மச்சானுக்குப் பூக்கடை போட எங்கள் இடம் வேண்டும். கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் ஊர்க்காரர்கள் மட்டும்தான் கடை போடலாம், வந்தவர்கள் எல்லாம் காலி பண்ண வேண்டும் என்று ஒரு யோசனையைக் கிளப்பிவிட்டார். அதை முடிவு செய்ய ஒரு மத்தியானம் சத்திரத்தில் கூட்டம் போட்டார்கள்.

கூட்டத்துக்கு டீ நான்தான் கொண்டுபோனேன். எங்களை விரட்டப் பேசுகிறவர்களுக்கு எங்கள் டீயே! போகாமல் இருக்க முடியுமா? என்ன பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டாமா?

எங்கள் டீயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் காபியை நன்றாக ஆற்றிக் கொடுப்பார்கள். நாங்கள் ஆற்றமாட்டோம். ரங்கூன் வழக்கப்படி கொதிக்கக் கொதிக்கக் கோப்பையில் ஊற்றி, கூடவே ஒரு சாசர் வைப்போம். சாசரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து ஊதிக் குடிக்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் இது பழகிப்போயிருந்தது, மண்டிக்காரருக்கும்தான்.

சத்திரத்தில் முதல் கேள்வியே சிக்கிக்கொண்டது. ஊர்க்காரன் என்றால் யார்? ஒருவர் நிலம் வைத்திருப்பவன் என்றார். ஒருவர் இங்கே பிறந்தவன் என்றார். மண்டிக்காரர் எழுந்தார்.

"இதுல என்னாங்க கொழப்பம்? பெத்த அப்பன அப்பான்னு கூப்புடுறவன் இந்த ஊர்க்காரன். நைனான்னு கூப்புடுறவன் வந்தவன். அவ்ளோதான்!"

நானோ வாய்க்கு வாய் நைனா, நைனா என்கிறவள். சத்திரத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் வீட்டிலும் நைனாதான், தெலுங்குச் சொல்லென்றாலும் சுத்தமான தமிழ்க்குடும்பங்களிலும் கூட. ஆனால் ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே! மண்டிக்காரரைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் துணிச்சல் இல்லை. தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அரக்கோணத்திலிருந்து வந்து சைக்கிள் கடை வைத்திருந்த சாயபு மட்டும் கேட்டார்: "நான் எங்க அப்பாவ 'அத்தா'ன்னு கூப்புடுறேங்க. என்னை எந்தப் பக்கம் தள்ளுவீங்க?"

மண்டிக்காரருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "கிண்டலா பண்ற? வந்தவங்கள வச்சிக்கினு இருந்தா நாளைக்கு நம்ம புள்ளைங்க எங்க போவும்?" என்று கத்திக்கொண்டே, பேச்சு வேகத்தில், நான் நீட்டிய கோப்பையைப் பிடுங்கினார். சாசர் என் கையிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் குடிப்பதுபோல ஒரே மடக்கு.

"ஐயோ நைனா!"

மண்டிக்காரர் போட்ட அலறலில் சத்திரமே அதிர்ந்தது. வாயைப் பொத்திக்கொண்டு மனுஷன் குதித்த குதி இருக்கிறதே! அப்புறம் கிளம்பியது பாருங்கள் சிரிப்பு. குனிந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்துவிட்டன. "மண்டிக்காரரே, எந்த ரயிலுக்கு டிக்கெட் எடுக்கட்டும்?" என்றார் சாயபு.

நான் வேண்டுமென்றே சூடு வைத்தேன் என்று பிறகு சிலர் சொன்னார்கள். போங்கள், என் டீ என்றைக்கும் அந்தச் சூடுதான். ஆனால் வந்த வாய்ப்பை நான் விடவில்லை.

"வாய் வெந்தா வர்றதுதாங்க வீட்டுப் பேச்சு," என்றேன். "உங்க வீட்டுலயும் நைனாதான், எங்க வீட்டுலயும் நைனாதான். நாங்க போவணும்னா நீங்களும் மூட்டை கட்டுங்க. சேந்தே போவலாம். வழியில டீ நான் போட்டுத் தரேன்."

கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் பழைய விவசாயக் குடும்பத்துக்காரர். சிரிப்பில் நனைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பர்மாவுலேர்ந்து வந்தவங்களும் சரி, அரக்கோணத்துலேர்ந்து வந்தவங்களும் சரி, இங்கியே பொழைச்சிக்கினு கீறாங்க. ஊர்க்காரங்கதான். கடைங்க இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்றார். ஒரு கையும் எழவில்லை.

கிருத்திகை வந்தது. காவடிகள் எங்கள் கொட்டகையை ஒட்டித்தான் படியேறின. திருவிழாக் கூட்டம் ஓய்ந்த மறுநாள் காலையில் மண்டிக்காரர் கடைக்கு வந்தார். சத்திரத்துப் பேச்சுக்குப் பிறகு அன்றுதான் எட்டிப் பார்க்கிறார். அடுப்படியில் நைனாதான் இருந்தார். வழக்கமான "ஏ பர்மா" வரும் என்று நான் கரண்டியும் கையுமாகக் காத்திருந்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"நைனா, ஒரு டீ."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். நைனா கோப்பையை வைத்தார், சாசரையும் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

"ஆங், ஊதிக் குடி நைனா," என்றார்.