கூப்பிடப்படாத வீட்டின் அலமேலு அக்கா

பஸ் வராத நாட்களில் எங்கள் கிளை அஞ்சலகத்துக்கான தபால் பை குமாரின் ஜீப்பில்தான் மலையேறி வரும். அன்றும் அப்படித்தான் வந்தது. பையை மேசைமேல் வைத்த பிறகும் அவர் கிளம்பவில்லை. பக்கத்து அறையின் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அது ஊர்ப்புற நூலகம். அந்த நேரத்துக்கு அவருடைய அத்தை அலமேலு அக்கா திறந்து வைத்திருக்க வேண்டிய கதவு.

"அத்தை இல்லீங்க," என்றார். "விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னுச்சி. திருப்பத்தூருக்குத்தான் இட்டுக்கினு போனேன். பாதி வளைவுகூட இறங்கல."

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வந்த தபால்களுக்கு முத்திரை குத்தினேன். முத்திரையில் தேதியை மாற்றாமலே குத்தியிருக்கிறேன் என்பது மாலையில்தான் தெரிந்தது. அன்று என் கையால் போன கடிதங்களில் எல்லாம் முந்தின நாள் தேதி. அக்கா உயிரோடு இருந்த நாள்.

புதூர்நாட்டு மலையூர்களில் அலமேலு அக்காவை அறியாதவர்கள் குறைவு. உங்களில் சிலருக்கு அவர் விண்ணப்பம் நிரப்பித் தந்தவர். சிலருக்கு, கடன் கொடுத்த புத்தகத்தைத் தேடி வீட்டு வாசலுக்கே வந்து நின்றவர். எனக்கு அவர் நான்கு வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர். நான் போளூர்க்காரி. வேலைக்காக மலைக்கு வந்தவள், அதிகம் பேசாதவள். இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு சிறிய ஜன்னல் உண்டு. அதன் வழியாக அவர் முதல்முதலாக நீட்டியது ஒரு கொய்யாப்பழமும் ஒரு கேள்வியும்.

"இன்னா போஸ்டம்மா, மத்தவங்க லெட்டர் படிக்கணும்னு உனக்கு ஆசையே வராதா?"

வரும் என்று சொன்னேன். "அப்படின்னா நாம ஒத்துப் போவோம்," என்றார்.

அக்காவின் வாழ்க்கையில் தீராத காரியம் ஒன்று இருந்தது. அவர் ஊரில் காளி கோயில் திருவிழாவின்போது ஊர்க்கவுண்டர், அதாவது ஊர்த்தலைவர், வீடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கக் கூப்பிடுவார். கூப்பிட்ட வீட்டுக்காரர் முன்னால் வந்து, விரித்த வேட்டியில் ஒரு கைப்பிடி சாமை போடுவார். எல்லாப் பெயரும் முடிந்த பிறகு, கூப்பிடாமலேயே ஒரு வீட்டுக்காரர் வந்து போட்டுவிட்டுப் போவார். அது அக்காவின் வீடு. அவருடைய அப்பாவுக்குத் தாத்தா காளியப்பன், முதல் உலகப் போர்க் காலத்தில் "ஓடிப்போனவர்". அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஊர் வைத்த பெயர் ஓடிப்போனவன் வூடு. அந்தப் பெயரைச் சாமி முன்னால் எப்படிக் கூப்பிடுவது? அதனால் கூப்பிடவே இல்லை. நான்கு தலைமுறையாக.

தன் வீட்டைக் கூப்பிட வேண்டும். அக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இதற்கு வழி காட்டியது இங்கிலாந்துப் பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள் என்றால் அவரை நன்கு அறிந்தவர்கள்கூட நம்பமாட்டார்கள். வேலூரில் யாரோ ஒரு பழைய விடுதியைக் காலி செய்தபோது இரண்டு மூட்டைப் புத்தகங்கள் எங்கள் நூலகத்துக்கு வந்தன. அவற்றில் ஐந்து, அந்த நாட்டுப் பள்ளிகளின் வரலாற்றுப் புத்தகங்கள். ஐந்தும் வெவ்வேறு காலத்தவை. யாரும் எடுக்கமாட்டார்கள், எடைக்குப் போடலாம் என்றேன். அவர் அட்டையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒட்டிய ஒரு தாளில், அந்தப் புத்தகத்தை வைத்திருந்த மாணவர்களின் பெயரும் வகுப்பும் வருடமும் வரிசையாக இருந்தன. ஒவ்வொருவரும் தன் கையாலேயே எழுதியது.

"எவ்ளோ பேரு படிச்சிருக்காங்க பாரு. இதப் போயி எடைக்குப் போடச் சொல்றியே!"

ஐந்திலும் முதல் உலகப் போர் பாடத்தை மட்டும் பிரித்து, மேசையில் வரிசையாக வைத்தார். அவருடைய ஆங்கிலம் மெதுவானது. நான் உடன் இருந்து படித்தேன். மிகப் பழைய புத்தகத்தில் போர் என்றால் வரைபடமும் அம்புக்குறிகளும். இறந்தவர்கள் நாட்டுக்காக உயிரைக் "கொடுத்தார்கள்". பதுங்குகுழிகளில் நிறைந்திருந்த சேறு பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடுத்தது இரண்டாம் போருக்குப் பிந்தியது. அதில் பாடம் நான்கே பக்கமாகச் சுருங்கியிருந்தது. மூன்றாவதில் சேறும் எலியும் விஷப்புகையும் வந்துவிட்டன. வீரர்கள் பாவம், தளபதிகள் முட்டாள்கள். ஒரு தளபதியின் படத்துக்கு எந்த மாணவனோ கழுதைக் காது வரைந்திருந்தான். நான்காவது முழுக்கப் போர்முனையில் எழுதிய கவிதைகள். ஐந்தாவதில் குடும்பப் புகைப்படங்கள், கடிதங்கள், "நீ என்ன நினைக்கிறாய்?" என்ற கேள்விகள். தலைப்பாகையோடு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் நம் நாட்டுச் சிப்பாய்கள் அதில்தான் முதல்முறையாக வந்தார்கள். ஓரத்தில் பென்சிலால் ஒரு குழந்தைக் கையெழுத்து: எங்கள் பாட்டியின் மாமா இங்கே இருந்தார்.

அக்கா ஐந்தையும் மறுபடி ஒருமுறை புரட்டினார். பிறகு கேட்டார்: "சண்டை ஒண்ணுதான், போஸ்டம்மா. முடிஞ்சும் போச்சி. அப்புறம் இன்னாத்துக்கு இது மாறிக்கினே இருக்குது?"

பதிலை ஒரு வாரம் கழித்து அவரே சொன்னார். "அம்மாக்காரி உசுரோட இருக்கறப்ப, உம் புள்ள வீணா செத்தான்னு எவன் எழுதுவான்? அவ போனப்புறம்தான் மத்தவங்களுக்குக் கோவப்பட இடம் கெடைக்குது. கோவமும் ஆறினப்புறம், பேரப்புள்ளைங்க போட்டோவத் தேடுதுங்க."

அது அவ்வளவு நேர்கோடு இல்லை என்று நான் வாதாடினேன். போர் முடிந்த பத்துப் பன்னிரண்டு வருடத்திலேயே கசப்பாக எழுதியவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். அதே நேரத்தில், நாங்கள் போனது சரியான காரியத்துக்குத்தான் என்று கடைசிவரை சொன்ன கிழவர்களும் இருந்திருக்கிறார்கள். நான் படித்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

"கோடு நேரா இருந்தா நம்ம ரோடு எதுக்கு இத்தினி வளையுது? வளைஞ்சாலும் மேலதான் போவுது," என்று ஜன்னலைச் சாத்திவிட்டார். அரைமணி கழித்துத் திறந்து, "அந்தக் கெழவனுங்க இன்னா சொன்னாங்க, இன்னொரு தடவ சொல்லு," என்றார்.

ஐந்தாவது புத்தகத்தில் ஒரு பக்கம் அவரை விடவே இல்லை. போர்முனையிலிருந்து ஓடியதற்காகச் சொந்தப் படையே சுட்டுக் கொன்ற வீரர்களைப் பற்றியது. அவர்கள் பெயர்களைப் பல ஊர்கள் நினைவுக் கல்லில் பொறிக்கவில்லை. குடும்பங்களும் வெளியே சொல்லவில்லை. முந்தைய நான்கு புத்தகங்களில் இரண்டில் இந்தச் செய்தியே கிடையாது. ஏறக்குறைய தொண்ணூறு வருடம் கழித்து, பேரப்பிள்ளைகள் கேட்டுக் கேட்டு, அரசு அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது. அங்கும் நினைவு நாளில் கல்லின் முன்னால் பெயர்களை உரக்கப் படிப்பது உண்டு என்று நான் சொன்னதும் அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"கூப்பிடறாங்களா? பேரச் சொல்லி?"

"ஆமாம் அக்கா."

"அவங்களுக்கே தொண்ணூறு வருசம் ஆச்சி. நாம ஒண்ணும் ரொம்ப லேட்டு இல்ல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போளூர்ப் பக்கம் அடிவாரத்தில் ஓர் ஊருக்குப் போனோம். அங்கே ஒரு பழைய கட்டடச் சுவரில், இந்த ஊரிலிருந்து அந்தப் போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்று பொறித்த கல் உண்டு. பெயர்கள் இல்லை. அக்கா அதன்மேல் கைவைத்துப் பார்த்தார். "இங்க ஆளு எத்தினின்னு இருக்குது, பேரு இல்ல. நம்மூர்ல பேரு இருக்குது, கூப்பிடறதில்ல," என்றார். திரும்பும் ஜீப்பில் சிரித்துக்கொண்டே வந்தார். ஏன் என்று கேட்டேன். "ஓடினாரு ஓடினாருன்னு சொல்றாங்களே. எங்கேர்ந்து எங்க ஓடினாரு? இத்தினி வருசமா ஒருத்தருமே கேக்கல பாரு, நான்கூட."

அன்றிலிருந்து ஒரு நீளக் குறிப்பேட்டோடு வீடு வீடாகப் போனார். ஒருவரிடமும் எது உண்மை என்று கேட்கவில்லை. "உங்களுக்கு இத யாரு சொன்னது, அப்ப உங்களுக்கு இன்னா வயசு?" என்று மட்டும் கேட்டார். குறிப்பேட்டின் அட்டைக்குள், அந்தப் பாடப் புத்தகங்களில் இருந்தது போலவே ஒரு தாளை ஒட்டியிருந்தார். சொன்னவர் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வயதையும் வருடத்தையும் அதில் எழுத வேண்டும்.

எண்பதைத் தாண்டியவர்கள் சொன்னார்கள்: பட்டாளத்திலிருந்து தப்பி வந்து காட்டில் ஒளிந்தார், அவரைத் தேடி வந்த போலீஸ் ஊரையே அடித்தது. அறுபதுக்காரர்கள் சொன்னார்கள்: புளி விற்கக் கீழே போனவர், யாரோ ஒருத்தியோடு போய்விட்டார். இளைஞர்கள் சொன்னதுதான் எனக்குப் பெரிய வியப்பு. அவர் வெள்ளைக்காரனை எதிர்த்து ஓடினாராம், தியாகியாம்.

அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டவர் குமார். அக்காவின் அண்ணன் மகன். அண்ணன் காலமான பிறகு வீட்டின் சார்பாகச் சாமை போடுகிறவர் அவர்தான். அதே தியாகியின் பெயரில் திருவிழாவுக்கு பேனர் அடிக்கத் திட்டம் போட்டிருந்தார். ஊர்க்கவுண்டரும் பாதி சம்மதித்துவிட்டார். அக்கா தலையை ஆட்டியிருந்தால் அந்த வருடமே வீட்டைக் கூப்பிட்டிருப்பார்கள். அவர் ஆட்டவில்லை. நூலக வாசலில் நடந்த சண்டை எனக்கு ஜன்னல் வழியாகக் கேட்டது.

"கூப்பிட்டா போதாதா அத்தை? இத்தினி வருசம் இதுக்குத்தான அழுத?"

"அழுதேன்டா. அதுக்குன்னு வேற ஆளக் கூப்பிட்டா நம்ம ஆளு திரும்பிப் பாப்பாரா?"

"அவரு தியாகி இல்லன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆமான்னு உனக்குத் தெரியுமா?"

"பேனருக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன், அத்தை!"

"ஒம் மூஞ்சிய போட்டு அடி. ஓட்டறவரு வூடுன்னு கூப்பிடட்டும்."

குமாரே சிரித்துவிட்டார். ஆனால் பல வாரங்கள் அத்தையுடன் பேசவில்லை.

பிறகு ஊர்க் கூட்டம் நடந்தது. அக்கா என்னையும் கூட்டிப்போனார். கோயில் முன்னால் எழுந்து நின்று, குறிப்பேட்டைப் பிரித்து, மூன்று கதைகளையும் படித்தார். தன் வீட்டுக்கு ஆகாததையும் விடவில்லை. ஒரு முதியவர் குறுக்கிட்டார். "எங்க தாத்தாவ போலீசு மரத்துல கட்டிவெச்சி அடிச்சான். அவராலதான். அத எழுதினியா?"

"எழுதிக்கிறேன் மாமா. கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

அவர் போட்டார். ஊர்க்கவுண்டர் கேட்டார்: "அதெல்லாம் சரிம்மா. தியாகின்னா சொல்லு, மைக்குலயே கூப்பிடறேன். ஓடிப்போனவன்னா எப்படிக் கூப்பிடறது?"

"இத்தினி நாளா முதுகுக்குப் பின்னால கூப்ட்டீங்க இல்லீங்களா, அதையே மூஞ்சிக்கு முன்னால கூப்பிடுங்க. எங்கேர்ந்து ஓடினாருன்னு தெரியாது. ஓடினாரு. நாங்க அந்த வூடுதான்."

யோசிக்கலாம் என்று ஊர்க்கவுண்டர் எழுந்துவிட்டார். நடந்து திரும்பும்போது அக்கா கேட்டார்: "ஏன் போஸ்டம்மா, அந்த மாமா கையெழுத்து எவ்ளோ அழகா இருக்குது பாத்தியா?" தோற்றுவிட்டோம் என்ற நினைப்பே அவரிடம் இல்லை. இதுவரை வாய் திறந்து சொல்லாத ஒருவர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவருக்கு அதுவே பெரிதாக இருந்தது. அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் குமார் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த வருடத் திருவிழாவுக்கு நானும் போனேன். பேனர் இல்லை. ஊர்க்கவுண்டர் வீடுகளைக் கூப்பிட்டு முடித்தார். குமார் கைப்பிடிச் சாமையோடு வழக்கம்போல் கடைசியில் நின்றிருந்தார். கவுண்டர் மைக்கைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"அலமேலு வூடு."

குமார் சட்டென்று நகரவில்லை. பக்கத்தில் நின்ற அந்த முதியவர்தான் முதுகில் தட்டினார். "போடா, உன்னத்தான்."

குமார் அழுதார். நானும் அழுதேன். ஆனால் அழுகைக்கு நடுவிலேயே எனக்கு அக்காவின் குரல் கேட்டது: அப்ப காளியப்பன் இன்னா ஆனாரு? கவுண்டர் கூப்பிட்டதை அக்கா ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். காளியப்பனின் பெயர் அன்றும் கூப்பிடப்படவில்லை. ஊருக்குச் சொல்லச் சங்கடமில்லாத ஒரு பெயர் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். எண்பது வருடம் கழித்து யாராவது கேட்பார்கள்: அலமேலு யார்? அதற்குள் அக்காவையும் தியாகி ஆக்கியிருப்பார்கள்.

அந்த ஐந்து புத்தகங்களும் நூலகத்திலேயே இருக்கின்றன. நீங்கள் எடுத்துப் படிக்கலாம். குறிப்பேட்டைக் குமார் என்னிடம் கொடுத்தார். "நீங்கதான் அத்தை மாதிரி கேள்வி கேக்கறீங்க," என்றார். அக்காவின் நினைவாக நான் வைத்துக்கொண்டது அதைத்தான். அட்டைக்குள் ஒட்டிய தாளில் அந்த முதியவரின் அழகான கையெழுத்துக்குக் கீழே இடம் இருக்கிறது.

அந்த வரியில் என் பெயரையும் வயதையும் வருடத்தையும் எழுதினேன். பிறகு முத்திரையை எடுத்து, இம்முறை தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பக்கத்தில் குத்தினேன். குறிப்பேட்டுக்குள் நான் எழுதியிருப்பதுதான் நீங்கள் இதுவரை படித்தது. இது நான் பார்த்த அலமேலு அக்கா. நீங்கள் பார்த்தவர் வேறாக இருந்தால் அஞ்சலகத்துக்கு வாருங்கள். இன்னும் பல வரிகள் காலியாக இருக்கின்றன.