வசந்தாவின் புகாரை நான் முடித்துவைத்தேன்

நானும் வசந்தாவும் மாதனூர் பக்கம் ஒரே தெரு. ஷூ கம்பெனியிலும் ஒரே லைனில் தையல் வேலை. போன வருடம் எங்கள் ஊராட்சிக்குப் புகார் போட ஒரு செயலி வந்தது. தெருமுனையில் கால்வாய் மூடி உடைந்திருப்பதைப் படம் எடுத்து, அதில் முதல் புகார் போட்டவள் வசந்தாதான். அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் அவளைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். “வசந்தாக்கா, எங்க தெரு லைட்டுக்கும் எழுதிப் போடுங்க” என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் “வேலை முடிந்ததா?” என்று, புகார் போட்டவளைத் தவிர தெருக்காரர்கள் எல்லோருடைய போனுக்கும் செயலியிலிருந்து கேள்வி வந்தது. மூடி உடைந்தபடியேதான் கிடந்தது. நான் “முடிந்தது” என்று அழுத்தினேன். மாமியார் போனிலும் அழுத்தினேன். வேறு யாரும் பதில் போடாததால் ஊராட்சி புகாரை முடித்துவிட்டது.

அடுத்த வாரம் வசந்தாவின் அப்பா அந்தக் குழியில் கால் விட்டு விழுந்தார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. பார்க்கப் போனேன்.

“யாரோ தெரியாம அமுக்கிட்டாங்க. பாவம், படிக்கத் தெரியாதவங்களா இருக்கும்” என்றாள் வசந்தா. அந்த நல்ல மனசைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை.

“நான்தான் அமுக்கினேன். தெரிஞ்சேதான்” என்றேன்.

“இன்னா சுமதி, நீயா?” என்றாள். பிறகு, “உன் பேர்லயே மறுபடி புகார் போடு” என்றாள். போட்டேன். பத்து நாளில் புது மூடி வந்தது.

இப்போதெல்லாம் செயலி எதைக் கேட்டாலும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் அழுத்துகிறேன். பஸ்ஸில் வசந்தாவைச் சுற்றிக் கூட்டம் கூடினால் இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது. அந்த நேரத்தில் மட்டும் போனைக் கையில் எடுப்பதில்லை.