கார் வந்தால் தண்ணீர் வரும்

1. பிளீச்சிங் பவுடர்

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் நான் சேர்ந்த அன்று எனக்குக் கிடைத்த முதல் வேலை நாலு அதிகாரிகளுக்குப் போன் போடுவது. நாளைக் காலையில் அண்ணாச்சி இன்ன தெருவுக்கு வருகிறார் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பக்கம் கடைக்காரரும் அண்ணாச்சி, எம்.எல்.ஏ.வும் அண்ணாச்சி. மறுநாள் அவரோடு அந்தத் தெருவுக்குப் போனேன். ரோட்டின் இரண்டு ஓரமும் கோடு போட்ட மாதிரி பிளீச்சிங் பவுடர். சாக்கடையை அன்றுதான் தூர் வாரியிருந்தார்கள். தெருவிளக்கெல்லாம் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. இவ்வளவு சுத்தமான தெருவில் இருப்பவர்களுக்கு என்ன குறை இருந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது அண்ணாச்சி ஆத்தூர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்.

"டீச்சர், என் தொகுதி எப்படி மணக்கும்னு எனக்கே தெரியாது. போற எடமெல்லாம் பிளீச்சிங் பவுடர்தான் மணக்கு."

நான் டீச்சர் இல்லை. நாசரேத்தில் என் அப்பாவும் அம்மாவும்தான் டீச்சர்கள். ஆனால் யார் எழுதிய கடிதத்திலும் பிழை இருந்தால் திருத்தாமல் என் கை சும்மா இருக்காது. அதைப் பார்த்து அவர் வைத்த பெயர் அது. இரண்டு தடவை ஜெயித்தார். இரண்டு தடவையும் நான்தான் அவருடைய உதவியாளர். போன வருஷம் ஓய்வு பெற்றேன். இந்த மாதிரி அலுவலகங்களில் இப்போது வந்து சேருகிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். பெருமைக்காகவும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

2. குருசடி முன்னால்

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று அரசாங்கம் போட்ட தடை. மற்ற மாதங்களில் கடற்கரைத் தெருக்களில் ஆம்பிளைகளைப் பிடிக்கவே முடியாது. விடியும் முன் போவார்கள், இருட்டிய பிறகு வருவார்கள். அதனால் அண்ணாச்சி ஒவ்வொரு கோடையிலும் தடைக்காலத்தில்தான் கடற்கரை ஊர்களில் குறை கேட்க உட்காருவார். மேடை கிடையாது, மாலை கிடையாது. தெருவில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கை மைக், நான்.

ஒரு கோடையில் திரேஸ்புரத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஓர் ஊருக்குப் போனோம். பெயர் வேண்டாம். அதன் கடைசித் தெரு கடலில் போய் முடியும். தெரு முனையில் ஒரு குருசடி, சிலுவை வைத்த சின்னக் கோயில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சனம் மொத்தமும் அங்கே கூடிவிட்டது. நான் முதல் மனுவை வாசித்தேன். தண்ணீர். இரண்டாவது மனு, அதுவும் தண்ணீர். குழாய் இருக்கிறது, தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது, வராமலே போகிற நாளும் உண்டு என்றார்கள். அண்ணாச்சி மைக்கை வாங்கி, "இதுக்கு ஒரு முடிவு கட்டாம நான்..." என்று ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது.

ஒரு பெண் எழுந்தாள். அடுத்த நிமிஷம் பெண்கள் மொத்தமும் எழுந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆம்பிளைகளில் பாதிப் பேர் அவர்கள் பின்னால் போனார்கள். கையில் மைக்கோடு அண்ணாச்சி, எதிரே வெறும் தரை. குடிநீர் உதவிப் பொறியாளர் மட்டும் எங்கள் பக்கத்தில் நின்று, "பாருங்க சார், நல்லாத்தான வருது" என்றார். அவருக்கு வாயெல்லாம் பல்.

அண்ணாச்சிக்கும் சந்தோஷம்தான். பேச்சு பாதியில் நின்றாலும் தண்ணீர் வந்துவிட்டதே. நாங்கள் காரில் ஏறி வந்துவிட்டோம்.

3. மெர்சியின் போன்

இரண்டு நாள் கழித்து ஒரு போன். கடைசித் தெருவிலிருந்து பேசுகிறேன், என் பேர் மெர்சி என்றாள். குழாயைப் பார்த்து முதலில் எழுந்து ஓடியவள்.

"அக்கா, நாளைக்குப் புதன்கிழமை அண்ணாச்சி எங்க தெருவுக்கு வாராவளா?"

இல்லை, சட்டமன்றம் நடக்கிறது, சென்னைக்குப் போகிறார் என்றேன்.

"வர வேண்டாங்க்கா. வாராவன்னு மட்டும் பைப்பு ஆபீசுக்கு ஒரு போனு போட்டுருங்க. அது போதும்."

எனக்குச் சுருக்கென்றது. என்ன விஷயம் என்று கேட்டேன். அண்ணாச்சி வந்த அன்று வந்த தண்ணீர்தான், அதன் பிறகு சொட்டுக்கூட வரவில்லை என்றாள். போன வருஷம் கலெக்டர் வந்தபோதும் இதே கதைதானாம். பெரிய ஆள் கார் வந்தால் தண்ணீர் வரும், கார் போனால் தண்ணீர் போகும். தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

மெர்சி இறால் கம்பெனியில் உரிக்கிற வேலைக்குப் போகிறவள். ஆறரைக்குக் கம்பெனி வேன் வரும். தடைக்காலத்தில் இறால் வரத்து குறைவு, அதனால் ஆளும் குறைவாகத்தான் எடுப்பார்கள். லீவு போடுகிறவளைத்தான் முதலில் கழிப்பார்கள். வீட்டில் எழுந்து நடமாட முடியாத மாமியார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். புருஷனோ தடைக்காலம் முழுக்கப் படகு மராமத்து வேலைக்கு ஹார்பரில் கிடக்கிறவர். தண்ணீருக்குக் காத்திருந்தால் வேன் போய்விடும். வேனில் ஏறினால் வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஏற்கெனவே லீவு போட்டதற்கு சூப்பர்வைசர், இன்னும் ஒரு நாள் வராவிட்டால் அப்புறம் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

அவளுக்காக எனக்கு மனசு பதறியது. ஆனால் பொய் சொல்லிப் போன் போட என்னால் ஆகாது. என்னை வளர்த்தவர்கள் அப்படி. நேரே அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் சுண்டிப்போயிற்று. பாதி மடித்த வெற்றிலை அப்படியே கையில் இருந்தது.

"அப்ப ஞாயித்துக்கிழமை வந்த தண்ணி எனக்கு வந்த தண்ணி. அவளுக்கு வந்தது இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க பொய் சொல்ல வேண்டாம் டீச்சர். காரு போகும். காரு வருதுன்னு சொல்லுங்க. அது உண்மைதான?" என்றார்.

4. பின்சீட்டுக்கு ஒரு வணக்கம்

அண்ணாச்சி ரயிலில் சென்னைக்குப் போனார். புதன்கிழமை டிரைவர் சுடலைமுத்து காரைக் கழுவி, கொடியை மாட்டி, விடிந்தும் விடியாமலும் குருசடிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான். கார் அங்கே வருகிறது என்று முந்தின நாளே நான் பொறியாளருக்குச் சொல்லியிருந்தேன். காரில் யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கார் போவதற்கு முன்பே குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்ததாம். பொறியாளர் சட்டையை டக்-இன் செய்துகொண்டு வந்து, கருப்புக் கண்ணாடி போட்ட பின்சீட்டைப் பார்த்து வணக்கம் வைத்தார். பதில் வரவில்லை. கொஞ்சம் குனிந்து இன்னொரு வணக்கம். அப்புறம் சுடலைமுத்து கண்ணாடியை இறக்கிக் காட்டினான். உள்ளே அண்ணாச்சியின் துண்டு மட்டும் கிடந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் சுடலைமுத்து எழுந்து நின்று நடித்துக் காட்டுவான். அவன் நடிப்பில் வணக்கம் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகும்.

மெர்சி குடங்களை நிரப்பி வைத்துவிட்டு வேனில் ஏறிவிட்டாள். அந்த வாரம் முழுக்க வெறும் கார் போனது, தண்ணீரும் வந்தது. பொறியாளருக்கு இது வேடிக்கையா, தன்னை வேவு பார்க்கிறார்களா என்று பிடிபடவில்லை. ஆனாலும் கொடி கட்டிய கார் நிற்கும்போது குழாயைக் காயவிட அவருக்குத் தைரியம் வரவில்லை.

5. காருக்கு வருகிற தண்ணீர்

சென்னையிலிருந்து வந்ததும் அண்ணாச்சி பொறியாளரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார். பொறியாளர் ஆற்றில் வரத்துக் குறைவு, தொட்டி நிறையவில்லை, கடைசித் தெருவுக்கு பிரஷர் எட்டாது என்று வழக்கமான பாட்டைப் பாடினார். அண்ணாச்சி முழுசாகக் கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி. காருக்கு வார தண்ணி மெர்சிக்கு ஏன் வர மாட்டேங்கு?"

பொறியாளர் காபியைக் கீழே வைத்தார். பிறகு உள்ளதைச் சொன்னார். காலையில் முதலில் பஜார் வால்வைத்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் லாட்ஜும் ஹோட்டலும் கடைகளும் போன் போட்டுத் திட்டும். பஜார் இழுத்தது போக மிச்சம்தான் கடைசித் தெருவுக்கு. பெரிய ஆள் யாரும் வந்தால் மட்டும் பஜார் வால்வை மூடிவிட்டு அங்கே திருப்புவார்கள். கடைசித் தெருக்காரர்கள் யாரும் போன் போட்டுத் திட்டியதில்லை சார் என்றார். அவர் கெட்டவர் இல்லை. சத்தம் வருகிற பக்கம் திரும்பியவர், அவ்வளவுதான்.

அண்ணாச்சி அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கடைசித் தெருவுக்கு முதல் தண்ணீர், வேன் வருவதற்கு முன்னால். பஜாருக்கு அதற்குப் பிறகு. போனில் யார் திட்டினாலும் என் நம்பரைக் கொடுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

திட்டு வந்தது. பஜார்க்காரர்கள் கூட்டமாக எங்கள் அலுவலகத்துக்கே வந்தார்கள். தேர்தலில் இவருக்காக ராப்பகலாக அலைந்தவர்கள், இவருடைய சொந்தக்காரர்களும் உண்டு. அவர்களில் மூத்தவர் ஒருவர், அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு பஜார் பக்கம் வர வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அண்ணாச்சி அசையவில்லை.

"உங்களுக்கு எட்டு மணிக்குத் தண்ணி வந்தாலும் கடை தொறக்கும் அண்ணாச்சி. அந்தப் பிள்ளைக்கு ஆறரைக்கு வேன் போயிரும். நான் எம்.எல்.ஏ.வா இல்லாட்டாலும் உங்க கடையில பொட்டணம் மடிச்சிப் பொழச்சிக்கிடுவேன். அவளுக்கு வேற கம்பெனி இல்ல."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். சமாதானம் ஆகவில்லை. அவருக்குச் சமாதானம் ஆக இரண்டு வருஷம் பிடித்தது, அது வேறு கதை. ஆனால் வால்வு திறக்கிற புது முறை மாறவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவரை காலையில் போய்க்கொண்டிருந்த காரை இனிமேல் அனுப்ப வேண்டாம், பார்க்கலாம் என்றார் அண்ணாச்சி. மறுநாள் காலையில் நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வராவிட்டால் மெர்சி வேனைத் தவறவிட்டுவிட்டுப் போன் போடுவாள். வேலையும் அன்றோடு போகும். வந்துவிட்டால் போன் வராது, கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக விட மாட்டார்கள். ஏழு மணி ஆயிற்று. எட்டு ஆயிற்று. போன் வரவில்லை. நான் எழுந்து போய் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

6. அடுத்த கோடை

மறு வருஷம் தடைக்காலத்தில் மறுபடியும் அந்த ஊருக்குப் போனோம். யாருக்கும் முன்கூட்டிப் போன் போடக் கூடாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். கார் தெருவுக்குள் போக முடியவில்லை. போன வருஷம் வெறும் கார் நின்ற இடத்தில் தார்ப்பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். மெயின் ரோட்டில் இறங்கி நடந்தோம். அண்ணாச்சி மூக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுதான் போல" என்றார். எனக்குப் புரிந்தது. வழியெல்லாம் கருவாட்டு வாசம். ஒரு பொட்டு பிளீச்சிங் பவுடர் இல்லை.

குருசடி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ரேஷன் கடை, மின்கம்பம், வலை வைக்க ஷெட் என்று ஒவ்வொன்றாக வந்தது. நான் குறித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் மெர்சி எழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை, நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும். நீங்க இனிமே எங்க தெருவுக்கு வர வேண்டாம்."

கூட வந்த கட்சிக்காரர் ஒருவர் கோபமாக எழுந்துவிட்டார். அண்ணாச்சி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீங்க வராமலே தண்ணி வருது" என்றாள் மெர்சி. "பின்னால வடக்குத் தெருவுல இன்னும் வரல. கோடைக்கு அங்கன போங்க."

அண்ணாச்சியின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அவர் மைக்கை வாங்கவே இல்லை. எழுந்து கும்பிட்டுவிட்டு, வடக்குத் தெரு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

என் பணிக்காலத்தில் எங்களுக்கு எத்தனையோ பொன்னாடை, எத்தனையோ வாழ்த்துமடல். வாழ்த்துமடலில் பாதியை நானே டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன், அதில் என்ன இருக்கிறது? மெர்சி சொன்ன இது ஒன்றுதான் நாங்களாக எழுதிக்கொள்ளாதது. மக்கள் பிரதிநிதி அலுவலகத்தில் வேலைக்கு வருகிற பிள்ளைகளே, தலைவர் போகிற இடத்தில் குறை தெரியாது. அவர் போன பிறகு நீங்கள் போன் போட்டுக் கேளுங்கள். எந்தத் தெரு உங்களை இனி வர வேண்டாம் என்று சொல்கிறதோ, அந்தத் தெருவில்தான் உங்கள் வேலை முடிந்திருக்கிறது.

அன்று மெர்சி கை காட்டிய பக்கம் நாங்கள் வெயிலில் நடந்தே போனோம். போன் போடாமல்தான் போனோம். வடக்குத் தெருக் குழாய் காய்ந்து கிடந்தது.