ஹேண்ட்பிரேக் அவர் பொறுப்பு

ஊசியக்கா என்றால் அந்தப் பக்கத்தில் ஏழெட்டுத் தெருவுக்குத் தெரியும். பரிசோதனைக் கூடம் ஒன்றுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பி, வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களை ஒரு சுற்றுப் பார்த்து, குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, வெயில் ஏறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒருவருக்கு நரம்பு அகப்படாது. இன்னொருவர் ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கொள்வார். மூன்றாமவர் காலையில் எழுந்ததும் மறந்துபோய் ரெண்டு பிஸ்கட் தின்றதை, ஊசி குத்தி முடித்த பிறகுதான் சொல்வார். பசியில் இருப்பவர்களின் கோபத்தையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் அந்தச் சம்பளத்திலேயே அடக்கம்.

அவள் வருவது ஒரு பழைய காரில். ஓட்டுவது அவள். பக்கத்து இருக்கையில் அவள் கணவர். அதே காரை வருஷக்கணக்கில் வாடகைக்கு ஓட்டியவர். ஒருநாள் சவாரியை இறக்கிவிட்டு வந்து படுத்தவருக்கு, எழுந்திருக்கும்போது இடது பக்கம் கூடவே எழவில்லை. பேச்சு தப்பித்தது, வலது கை தப்பித்தது. மிச்சமெல்லாம் அவள் தலையில் விழுந்தது. குளிப்பாட்டுவது, உடுத்துவது, தூக்கி உட்கார வைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் அவள்தான். சாப்பாட்டை மட்டும் எவரும் ஊட்ட விடமாட்டார். அதுவும் சவரமும் சட்டைப் பட்டன் மாட்டுவதும் அவர் கையால்தான்.

வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாத மனிதர். ஆகவே அவரையும் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும், அதற்கு அவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆயிற்று. நாற்பதைத் தாண்டிய வயதில் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். நேர் ரோட்டில் எப்படியோ சமாளித்துவிட்டாள். மேட்டில் நிறுத்திய வண்டியைக் கிளப்புவதுதான் வரவில்லை. அவர்கள் குடியிருந்த தெருவோ முழுக்க மேடு. கிளட்சை விடு, ஆக்ஸிலேட்டரை மிதி, ஹேண்ட்பிரேக்கை இறக்கு என்று ஒரே நேரத்தில் மூன்று காரியம் சொன்னால், அவளுக்கு மூன்றும் சேர்ந்து மறந்துபோகும். ஒருநாள் வண்டி பின்னாலேயே உருண்டுபோய் எதிர்வீட்டு கேட்டில் முட்டியது. அன்றைக்குத்தான் அவர் சொன்னார், ஹேண்ட்பிரேக்கை என்னிடம் விட்டுவிடு, நீ காலை மட்டும் பார் என்று.

பார்த்தால் அவருடைய நல்ல கை சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வண்டி நின்றதும் அவர் இழுப்பார். கிளம்பும்போது அவள் 'ம்' என்பாள், அவர் இறக்குவார். மூன்று வருஷமாக அவள் அந்தக் கம்பியைத் தொட்டதே இல்லை. ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவரா என்று வாடிக்கைக்காரர்கள் கேலி செய்வார்கள். அவருக்கு அதில் ஏக பெருமை. யாராவது விசாரித்தால், "நாங்க ஓட்டறோம்" என்பாரே தவிர, அவள் ஓட்டுகிறாள் என்று மறந்தும் சொல்லமாட்டார்.

கொஞ்ச நாளாகவே வண்டி இழுவையாக இருந்தது. பெட்ரோல் போட்ட இடம் தெரியாமல் தீர்ந்தது. அவள் பெட்ரோல் பங்க்காரனைத் திட்டினாள், பிறகு எஞ்சினைத் திட்டினாள். எஞ்சினுக்கும் வயசாகிறது, நமக்கு மட்டும்தானா என்று விட்டுவிட்டாள். காலையில் எழுந்தால் இடுப்பும் கூடவே எழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலையில் இருப்பவளுக்கு, காரின் சோம்பலை ஆராய எங்கே நேரம். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் சிவப்பாக எரிய வேண்டிய விளக்கும் என்றோ செத்துவிட்டிருந்தது.

அன்று மூன்றாவது வீட்டை முடித்துக்கொண்டு வரும்போது கருகல் நாற்றம் வந்தது. யாரோ ரப்பரை எரிக்கிறார்கள் என்றாள். இருக்கும் என்றார் அவர். நாற்றம் தெரு மாறியும் கூடவே வந்தது. சிக்னலில் நின்றபோது பைக்கில் வந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டி, பின் சக்கரத்தில் புகை வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓரங்கட்டி, அவர் ஹேண்ட்பிரேக்கை இழுப்பதற்குள் இறங்கிப் பார்த்தாள். பின் சக்கரம் இரண்டிலிருந்தும் புகை. தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடியவளை, உள்ளே இருந்து அவர் அதட்டினார். கொதிக்கிற இரும்பில் தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடுமாம், தானாக ஆறட்டும் என்றார். பாட்டிலோடு திரும்பி வந்தவள் அப்போதுதான் இருக்கைகளுக்கு நடுவே பார்த்தாள். கம்பி முழுதாகக் கீழே இல்லை. கொஞ்சம் ஏறியே நின்றது.

"இறக்கினீங்களா இல்லையா?"

"இறக்கினேன். நீ பையை நடுவுல வெக்கிறே. அது இடிச்சிருக்கும்."

அவள் பையை அங்கேதான் வைப்பாள். அதனால் வாயை மூடிக்கொண்டாள். சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்து, அங்கிருந்து வந்த ஆளிடம் ஐஸ் பெட்டியைக் கொடுத்தனுப்பினாள். மிச்ச வீடுகளுக்குப் போன் செய்து ஒவ்வொருவரிடமும் திட்டு வாங்கினாள். சக்கரம் ஆறியதும் கம்பியை அவளே அமுக்கி இறக்கிவிட்டு, வண்டியை ஊர்ந்து ஊர்ந்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள்.

அந்த மெக்கானிக்குக்கு அவசரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். உலகமே இடிந்து விழுந்தாலும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார் என்பதால் அந்தப் பெயர். ஷெட்டுக்குள் ஏதோ ஒரு பழைய காரிலிருந்து பிடுங்கிப் போட்ட இருக்கை இருந்தது. அதில் கணவரைக் கொண்டுபோய் உட்காரவைத்தாள். சக்கரங்களைக் கழற்றி, பிரேக்கை மூடியிருக்கும் இரும்பு டிரம்மைத் தட்டி எடுக்கவே வெகுநேரம் ஆயிற்று. சூட்டில் டிரம் நீலம் பாய்ந்திருந்தது. உள்ளே பிரேக் கட்டைகள் இரும்பு தெரிகிற அளவுக்குத் தேய்ந்து, கண்ணாடி மாதிரி வழவழப்பாகக் கிடந்தன. ஆயில் சிலிண்டரின் ரப்பர் வெந்து ஆயில் கசியத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மிதித்தாலும் வண்டி நின்றிருக்காது என்றார் மெக்கானிக்.

பை இடித்துவிட்டது, தன் கவனக்குறைவுதான் என்று அவள் சொல்லப்போக, மெக்கானிக் தேய்ந்த கட்டையை அவள் கையில் கொடுத்தார்.

"இது இன்னிக்கு ஒருநாள் தேய்மானம் இல்லக்கா. ஒரு மாசம், ரெண்டு மாசம் இருக்கும். ஹேண்ட்பிரேக்கை தினமும் ஒரு பல்லு, ரெண்டு பல்லு ஏத்தி வெச்சே ஓட்டியிருக்கீங்க. கம்பி நுனியில இருக்கற பட்டனை முழுசா அமுக்காம இறக்கினா பாதியிலயே மாட்டிக்கும். யாரு ஹேண்ட்பிரேக் போடறது?"

பை தினமும் இடிக்காது. அது அவளுக்கு உடனே புரிந்தது. பட்டனை அமுக்குவது கட்டைவிரல். இதுவும் புரிந்தது. ஷெட்டின் மூலையில் கணவர் சுவரில் மாட்டியிருந்த டயர்களை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்," என்றாள்.

மெக்கானிக் அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். உயிரோடு விளையாடுகிற காரியம், இத்தனை வருஷம் ஓட்டியும் இது தெரியவில்லையா என்று கேட்டார். அவள் தலையாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். காதில் எதுவும் ஏறவில்லை. கணவர் தாடி வளர்க்கத் தொடங்கியது நினைவுக்கு வந்தது. தினமும் எதற்கு சவரம், தாடி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். சோப்பு நுரையைத் துடைக்கும் வேலை ஒன்று குறைந்ததே என்று அவளும் சந்தோஷப்பட்டிருந்தாள். டம்ளர் வேண்டாம், மூடி போட்ட பாட்டிலில் கொடு என்றார். சட்டை வேண்டாம், பட்டன் இல்லாத பனியன் போதும், வெயில் தாங்கவில்லை என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஊரார் கையையெல்லாம் பிடித்துப் பார்க்கிறவள், பக்கத்திலேயே இருக்கும் கையைப் பார்க்கவில்லை.

டிரம்மை லேத்தில் கடைசலுக்குக் கொடுத்து வாங்கி வர வேண்டும் என்று மெக்கானிக் ஆளை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனார். அவள் எதிர்க்கடையில் ரொட்டி வாங்கி வந்து கணவருக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, வேறு எங்கோ பார்ப்பதுபோல் அவர் கையையே பார்த்தாள். ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் ரொட்டியைச் செருகி வாய்க்குக் கொண்டுபோனார். கட்டைவிரல் ஒப்புக்கு ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

உள்ளதைச் சொல்வதென்றால், அவளுக்கு முதலில் வந்தது பரிதாபம் இல்லை. பயமும் இல்லை. இன்னொன்றா என்றுதான் வந்தது. இதையும் நான்தானா, இன்னும் எத்தனை என்று வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சல்படவும் அலுப்பாக இருந்தது. அங்கே கிடந்த டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு பத்து நிமிஷம் யாரும் கூப்பிடாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு வேலை முடிந்தது. புதுக் கட்டை, புது ரப்பர், கடைந்த டிரம், முறுக்கிக் கட்டிய கேபிள். செத்துப்போன சிவப்பு விளக்குக்குப் பதில் புது பல்பும் போட்டாயிற்று. கேபிள் இப்போது இறுக்கமாக இருக்கும், நன்றாக அழுத்தி இறக்குங்கள் என்று மெக்கானிக் இன்னொரு முறை அவளுக்குப் பாடம் எடுத்தார். கணவரைத் தூக்கி உள்ளே உட்காரவைத்து, அவர் காலை எடுத்து உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, சுற்றிவந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். சாவியைத் திருகவில்லை.

அவர்தான் முதலில் பேசினார். மெக்கானிக் அத்தனை பேச்சுப் பேசும்போது அவள் ஏன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள் என்று கேட்டார். அதைப் பற்றிப் பேச அவளுக்கு விருப்பமில்லை. எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டாள். மழைக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது என்றார். முதலில் கட்டைவிரல் மரத்துப்போன மாதிரி இருந்ததாம், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாராம். பட்டனை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்திருக்கிறார். பாதி இறங்கும், மீதி நிற்கும். வண்டிதான் நகர்கிறதே என்று இருந்துவிட்டாராம்.

"அன்னிக்கே என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சொன்னா சோறும் நீதான் ஊட்டணும். நீ படற பாட்டைப் பக்கத்துல உட்கார்ந்து பாத்துக்கிட்டுதானே வரேன். வண்டியை நிறுத்தினா ஸ்டீயரிங்லயே தலையைச் சாச்சுக்கிறே. இதையும் எப்படிச் சொல்றது?"

எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அந்தப் பொய் வரவில்லை.

"எனக்கு அலுத்துதான் போச்சு," என்றாள். "இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா எனக்கு முடியுமா முடியாதான்னு நான்தான் சொல்லணும். நீங்களா முடிவு பண்ணிக்கிட்டு மறைக்கக் கூடாது. இன்னிக்கு மேட்டுல பிரேக் பிடிக்காமப் போயிருந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்தே அலுப்பு தீந்திருக்கும்."

அவருடைய கண் கலங்கியிருந்தது. தாடியில் இறங்கியதைத் துடைக்கக் கை பாதிவரை எழுந்து, மறுபடி மடியிலேயே இறங்கிவிட்டது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றாள். இன்றைக்கு ரொம்பக் களைத்திருக்கிறாய், நாளைக்குப் போகலாமே என்று அவர் இழுத்தார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டர் கேட்பதற்கு முன்னால் தனக்குத் தெரிய வேண்டும் என்று, அவருடைய வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்தாள். நரம்பு தேடும்போது எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"என் விரலை நல்லா அழுத்துங்க."

காத்திருந்தாள். ஷெட்டுக்குள் மெக்கானிக் விளக்கை அணைத்துவிட்டு ஷட்டரை இறக்கினார். அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, அழுத்துங்க."

"அழுத்திக்கிட்டுதாம்மா இருக்கேன்," என்றார் அவர்.