முப்பத்தொன்றாம் எண் ரத்தம்

பதினோரு ஆண்டுகளில் நாற்பத்து நான்கு முறை அவர் இடது கையை நீட்டி ரத்தம் கொடுத்திருக்கிறார். நோயாளியாக அல்ல, நோயில்லாதவராக.

ரத்தக்குழாய் அடைப்பை ஆராயும் கூடத்தில் அவர் டெக்னீஷியன். நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட ஆரோக்கியமான ரத்தம் வேண்டும். வெளியே ஆள் தேடி அலைவானேன் என்று, அங்கே வேலை செய்யும் நால்வரே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்துவிடுவது வழக்கம். நால்வரின் ரத்தத்தையும் ஒரே புட்டியில் கலந்து ‘நார்மல்’ என்று சீட்டு ஒட்டுவார்கள். ஐம்பத்திரண்டு வயதிலும் அவர் ஒல்லி. புகை கிடையாது. கொழுப்புப் பரிசோதனை எப்போதும் அளவுக்குள். அந்தப் பெயர் புட்டியிலிருந்து தாவி அவர் மேலேயே ஒட்டிக்கொண்டது.

இந்த முறை ஆய்வு வேறு. ரத்தத்தில் மிதக்கும் கொலஸ்ட்ரால் துகள், ஆக்சிஜன் பட்டால் பழைய எண்ணெய் போலக் காறிப்போகும். குழாய்ச் சுவரில் தன்பாட்டுக்குக் கிடக்கும் தசைச் செல்களை அது சீண்டினால், அவை வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைச் சுரக்கும். அந்தப் புரதம் பக்கத்துச் செல்களையும் பெருகச் சொல்லும். சுவர் தடிக்கும், வழி குறுகும். யாருடைய துகள் எவ்வளவு காரணியைச் சுரக்க வைக்கிறது என்பதுதான் கேள்வி. அதனால் ரத்தங்களைக் கலக்கக் கூடாது என்று ஆய்வின் தலைவரான டாக்டரம்மா சொல்லிவிட்டார். நோயாளிகள் நாற்பது, ஊழியர்கள் நான்கு. குழாய்களில் எண் மட்டும். பெயர்ப் பட்டியல் டாக்டரம்மாவின் மேசை இழுப்பறைக்குள்.

திங்கட்கிழமை பிற்பகல் முடிவுகள் வந்தன.

“நார்மல் அண்ணே, இந்த முப்பத்தொண்ணைப் பாத்தீங்களா?” என்றார் செல் வளர்க்கும் பெண். “காரணி மத்தவங்களவிட ரெண்டு மடங்கு. தட்டுல செல்லுங்க எடமில்லாம நெருக்கியடிச்சு நிக்குது.”

“பாவம், யாரு பெத்த பிள்ளையோ. வீட்டுல சொல்லிட்டு வந்து ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டா நல்லது.”

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா பட்டியலைப் பிரித்தார். விரலை வைத்துப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

முப்பத்தொன்றுக்கு எதிரே அவருடைய பெயர். “சீட்டு மாறியிருக்கும் மேடம்,” என்றார்.

சீட்டு ஒட்டியது அவர் கைதான்; நாற்பத்து நான்கில் எது தன்னுடையது என்று நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பதினோரு ஆண்டில் ஒரு சீட்டைக்கூட மாற்றி ஒட்டாத கை. இந்த ஒருமுறை மட்டும் தவறியிருக்கட்டும் என்று அன்றைக்கு வேண்டிக்கொண்டார்.

உடனே மறுபடி ரத்தம் கொடுத்தார். தானே துகளைப் பிரித்தார், தானே சீட்டு ஒட்டி மூன்று முறை சரிபார்த்தார். வீட்டில் மூச்சுவிடவில்லை. வெள்ளிக்கிழமை வந்த எண் முதல் எண்ணைவிடச் சற்று அதிகம்.

“இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாம் மேடம்.”

“மெஷினுக்கு உங்க மேல என்ன பகையா?” என்றார் டாக்டரம்மா. “இது ஆராய்ச்சி டெஸ்ட். இத வெச்சு அடைப்பு இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். படி ஏறும்போது ஏதாவது பண்ணுதா?”

“நெஞ்சுல ஒண்ணும் இல்லையே.”

“நெஞ்சுன்னு நான் சொன்னேனா?”

அவருடைய கை தானாக இடது தாடைக்குப் போனது. கூடம் மூன்றாவது மாடி. ஆறு மாதமாகப் படி ஏறினால் தாடை வலிக்கும். பல் டாக்டரிடம் போய்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பல் போனது, வலி போகவில்லை. அடுத்த பல்லாக இருக்கும் என்று நினைத்திருந்தார்.

“நின்னா?”

“நின்னா விட்டுடும்.”

“படி ஏறுனா வந்து, நின்னா போற பல்வலியா? இதய வலி சில பேருக்குத் தாடையிலதான் தெரியும்,” என்றவர் தொலைபேசியை எடுத்தார்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தினமும் தன் நோயைத் தாடையில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறிவந்து ஊரார் நோயை அளந்திருக்கிறார். அன்று மாலையே பக்கத்துக் கட்டடத்தில் இதய டாக்டர் அவரை டிரெட்மில்லின் ஓடும் பட்டையில் நடக்கவிட்டு, நான்காவது நிமிடமே நிறுத்தச் சொன்னார். தாடை வலி வந்துவிட்டிருந்தது. கூடவே, இதயத்துக்கு ரத்தம் போதாதபோது இறங்கும் இசிஜி கோடும் இறங்கியிருந்தது.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, “ஊர் ரத்தத்தையெல்லாம் உத்து உத்துப் பாத்தீங்களே, உங்க ரத்தத்தை ஒரு நாள் பாக்கலையா?” என்றாள்.

“பாத்தோம். மத்த மூணு பேரோட கலந்து.”

“நல்லாப் பாத்தீங்க,” என்றவள், அலமாரியிலிருந்து அவருடைய சட்டைகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஞ்சியோகிராம். அதுவரை படி ஏறக் கூடாது.