கணக்குச் சொல்லித்தரும் கெவின்

டொரொண்டோவில் என் பக்கத்து வீட்டுச் சமையலறையில், மாலையானால் மேசைமேல் இருக்கும் கணினியிலிருந்து கெவின் என்றொருவர் கணக்குச் சொல்லித்தருகிறார். முகம் தெரியாது, குரல் மட்டும்தான். அம்மா லிண்டா பாஸ்தா கிளறுவாள், மகள் எமிலி பின்னம் போடுவாள். கிறிஸ்துமஸுக்குச் சுட்ட முறுக்கைக் கொடுக்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அச்சு அசல் அமெரிக்க ஆங்கிலம். ஆனால் எமிலி தடுமாறியபோது, "ஆங், அப்புறம்?" என்றது அந்தக் குரல்.

அது சூசை. திரேஸ்புரத்தில் என்னோடு படித்தவன். பரீட்சைக்கு முன் மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து எனக்குக் கணக்குச் சொல்லும்போது வரிக்கு வரி அப்படித்தான் கேட்பான். பிறகு எங்கள் பள்ளியிலேயே ஆசிரியரானான். பிள்ளைகளெல்லாம் வேன் ஏறி இங்கிலீஷ் மீடியத்துக்குப் போய்விட, பள்ளியை மூடிவிட்டார்கள். அதற்குப்பின் அவனைப் பற்றித் தகவலே இல்லை.

"ஏலே சூசை!" என்னையறியாமல் கூப்பிட்டுவிட்டேன்.

குரல் நின்றது. கணினிக்குள் தூரத்தில், விடியற்காலைப் பூசைக்கு அடிக்கும் கோயில் மணி கேட்டது. பிறகு, "சாரி மேடம், திஸ் இஸ் கெவின்."

லிண்டா சிரித்தாள். "சூசை என்றால் உங்கள் மொழியில் வணக்கமா?"

ஆமாம் என்றேன்.

ஊரில் மில்லர்புரத்தில் இருக்கும் என் தங்கை விசாரித்து, அவனுக்கு ஒரு மகள் இருப்பதையும் சொல்லி எண் தந்தாள். அவனை அழைத்தேன்.

"ஏளா, நீதானா அது? கம்பெனில பாடம் பூரா பதிவு பண்ணுதாங்க. நான் எந்த ஊருன்னு தெரிஞ்சா வேலை போயிரும். ஈரக்கொலையே நடுங்கிட்டு. ஆனாலும், பாடம் நடத்தையில எம்பேரக் கேட்டு எம்புட்டு நாளாச்சு."

"ஒம் மவளுக்கும் நீதான் கணக்கு சொல்லிக்குடுக்கியா?"

"நான் பகல்லதான தூங்குதேன். அவ ட்யூசனுக்குப் போறா. கனடாவுக்குப் படிக்க வரணும்னு நிக்கா. நீ கொஞ்சம் பேசேன்."

அன்றிலிருந்து வேலைக்குக் கிளம்புமுன் அவன் மகள் ஜெனியோடு வீடியோவில் பேசுகிறேன். நான் ஊர்த் தமிழில் கேட்பேன். அவள் அப்பாவின் ராத்திரி ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் சாயங்கால வெயிலில் வள்ளங்கள்; எனக்குப் பின்னால் பனி. நேற்றுதான் முதல்முறையாகத் தமிழில் கேட்டாள்:

"அத்தை, அங்கன வந்தா நானும் பேர மாத்தணுமா?"

"வேண்டாம்ளா" என்று சொல்ல வாயெடுத்தேன். செல்வி என்ற என் பெயர் இங்கே யார் வாயிலும் நுழைவதில்லை. கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையில் 'சாலி' என்றிருந்தது. அவள் கண்ணில் படாமல் அதை மேசைக்குக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.