சந்தாலியில் வந்த பதில்

"இனிமேல் அந்தத் தோட்டத்துப் பக்கம் நீங்கள் போகக் கூடாது" என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். என்னால் ஒன்றுமே செய்ய முடியாது என்று அவ்வளவு உறுதியாகத் தோன்றியது.

என் பெயர் காயத்ரி. கோலார் தங்கவயலில், கோரமண்டல் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். நான் பெரிய பக்தை இல்லை. வெள்ளிக்கிழமை அம்மாவோடு மாரியம்மன் கோயிலுக்குப் போவேன், தீபாராதனை பார்ப்பேன், திருநீறு பூசிக்கொண்டு வருவேன். ஆனால் போன கோடையில் நடந்ததைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். தாயை நம்புகிறவர்களிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சமூகப்பணிப் படிப்பின் பகுதியாக, தொழிலாளர் உரிமைக்காக உழைக்கும் ஒரு சிறிய அமைப்பில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். அஷ்வினி என்ற கன்னடப் பெண் என் ஜோடி. ஊரைத் தாண்டினால் தக்காளித் தோட்டங்கள். காய் பறிக்கவும் மருந்தடிக்கவும் ஜார்க்கண்டிலிருந்து ஆட்களை அழைத்து வருகிறார்கள். குழந்தை குட்டிகளோடு தார்ப்பாய்க் கொட்டகையில் தங்குவார்கள். அவர்களைப் போய்ப் பார்ப்பதும், குறை இருந்தால் அவர்களுக்காகப் பேசுவதும் எங்கள் வேலை.

ஒரு தோட்டத்தில் என் மனசு பதறிவிட்டது. பூச்சிமருந்து வைத்திருந்த அதே மோட்டார் ரூமில்தான் குடிக்கத் தண்ணீரும் பிடித்தார்கள். கையுறை இல்லை, முகத்துக்குத் துணி இல்லை. ஆண்களுக்காவது கொஞ்சம் இந்தி வரும். பெண்களுக்குச் சந்தாலி மட்டும்தான். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு என்னமோ சொல்வார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. தலையை ஆட்டிவிட்டு வருவேன்.

தோட்டக்காரரிடம் போய்க் கேட்டோம். "இன்னாம்மா, படிக்கிற பொண்ணுங்க படிப்பைப் பாருங்க. என் தோட்டத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். நாங்கள் விடவில்லை. திரும்பவும் போனோம். அவர் கல்லூரிக்கே போன் போட்டுவிட்டார். அப்புறம் வந்ததுதான் அந்தத் தடை.

"சாமி கிட்ட சொல்லிடு கண்ணு, மனசு ஆறும்" என்றார் அம்மா. மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையிலேயே கோயிலுக்குப் போனேன். ஆறவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது என் போன் அடித்தது.

அந்தத் தோட்டத்து டிராக்டர் டிரைவர். "அக்கா, ஒரு பொண்ணு மயக்கம் போட்டுச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி உட்டுட்டேன். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க." வைத்துவிட்டார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஓடினேன். அஷ்வினியும் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். கட்டிலில் கிடந்தது பூல்மணி. எப்போது போனாலும் என்னைப் பார்த்துச் சிரிக்கும் பெண். எனக்கும் அவளுக்கும் ஒரே வயதுதான் இருக்கும். வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, கண்பாப்பா கடுகுபோல் சுருங்கியிருந்தது. பூச்சிமருந்து மாதிரி தெரிகிறது என்று டாக்டர் உடனே ஊசி போட ஆரம்பித்தார். "இன்னா மருந்து? எப்படி உள்ள போச்சு? யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

பூல்மணிக்கு நினைவு இருந்தது. என் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்தாள். "தாக்... தாக்..." என்றாள்.

"பாவம், தாகமா இருக்கு" என்று நர்ஸ் அக்கா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தார். உதட்டருகே கொண்டுபோனதும் பூல்மணி அதைத் தட்டிவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயம். மறுபடியும் "தாக்... அலோ, அலோ..." என்றாள். கையை வாசல் பக்கம் நீட்டினாள். அழுதாள். சொல்லிச் சொல்லிக் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். வேண்டிக்கொள்ள நல்ல வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை. மனசுக்குள் கத்தினேன். "தாயே, அவ என்னமோ சொல்றா. எனக்குப் புரியலை. இங்க யாருக்கும் புரியலை. நீ எல்லாருக்கும் அம்மாதானே? உனக்குப் புரியுமில்லே? எங்களுக்குச் சொல்லு."

நான் கண்ணைத் திறப்பதற்குள் பக்கத்தில் ஒரு குரல். "இன்னாம்மா, உள்ள யாரு சந்தாலி பேசறது?"

மாத்திரை வாங்கும் வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்து வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. பேச்சு அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. உள்ளே கையைக் காட்டினேன். நேரே போனவர் பூல்மணியின் நெற்றியில் கையை வைத்து, அவள் மொழியில் என்னமோ கேட்டார்.

பூல்மணியின் அழுகை அப்படியே நின்றுபோனது. அந்த அக்காவின் முகத்தையே பார்த்தாள். பிறகு இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிப் பேசினாள். கேட்கக் கேட்க அக்காவின் முகம் வெளுத்தது.

"தாகமில்லம்மா இது. தாக்னா அவங்க பாஷையில தண்ணி. அலோன்னா கூடாது. தண்ணி குடிக்கக் கூடாதுன்னு கத்தறா. கொட்டாய்ல தண்ணி டிரம் ஒடஞ்சி போச்சாம். மோட்டார் ரூம்ல கெடந்த வெள்ளை கேன்ல தண்ணி புடிச்சாங்களாம். இவதான் மொதல்ல குடிச்சாளாம், யார்கிட்டயும் சொல்றதுக்குள்ள மயங்கிட்டாளாம். வெயில்ல மயக்கம்னு எல்லாரும் நெனச்சிட்டாங்க. மத்தவங்க இன்னும் அங்கதான் கீறாங்க. அந்தத் தண்ணியிலதான் சோறு ஆக்கப் போறாங்களாம்!"

அஷ்வினி அந்தக் கணமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தாள். ஆனால் தோட்டம் தூரம். என்னிடம் இருந்தது தோட்டக்காரர் நம்பர் ஒன்றுதான். என் பெயரைப் பார்த்தால் எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சார், கால்ல விழறேன், போனை வெச்சிடாதீங்க. கொட்டாய்ல யாரும் தண்ணி குடிக்கக் கூடாது. மருந்து இருந்த கேன்ல புடிச்சிருக்காங்க."

அவர் போனை வைக்கவில்லை. அவர் ஓடும் சத்தம் கேட்டது. மூச்சிரைப்பு. "பேடா! பேடா!" என்று கன்னடத்தில், வேண்டாம் வேண்டாம் என்று கத்தும் குரல். பாத்திரம் உருண்டு விழும் சத்தம். குழந்தைகளின் அழுகை. நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"கவுத்துட்டேன்மா" என்றார் கடைசியில். அவர் குரல் உடைந்திருந்தது. "பசங்க தட்டு வெச்சிக்கினு உக்காந்திருந்தாங்கம்மா. இன்னும் யாரும் வாய்ல வெக்கல."

அந்தக் கேனை அவரே தன் வண்டியில் எடுத்து வந்து டாக்டரிடம் கொடுத்தார். எந்த மருந்து என்று தெரிந்தது. சாயங்காலம் பூல்மணிக்கு மூச்சு சீரானது.

அந்த அக்காவின் பெயர் செல்வி. தங்கவயலிலேயே சாம்பியன் ரீப்ஸ் பகுதிக்காரர். இங்கே சுரங்கத்தில் வேலை குறைந்த காலத்தில் அவருடைய அப்பா ஜார்க்கண்ட் பக்கம் ஒரு சுரங்கத்துக்குப் போனார். அங்கே சந்தாலிப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர் செல்வி அக்கா. கல்யாணம் ஆகி ஊர் திரும்பிய பிறகு அந்த மொழியைப் பேச ஓர் ஆள் கிடைத்ததில்லையாம். தினமும் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவார். அன்று ஸ்டேஷன் படியில் செருப்பு வார் அறுந்தது. ரயில் போய்விட்டது. "சரி, மாமியாருக்கு பிரஷர் மாத்திரையாவது வாங்கலாம்னு வந்தேம்மா" என்றார். சொல்லும்போது அவருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. கையை நீட்டிக் காட்டினார்.

நான் தமிழில் கேட்டேன். தாய் சந்தாலியில் பதில் சொன்னாள். அந்த வராந்தாவை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பிறகு கல்லூரியில் தடையை நீக்கினார்கள். தொழிலாளர் துறையிலிருந்து வந்து பார்த்தார்கள். அந்தத் தோட்டத்தில் இப்போது குடிதண்ணீருக்குத் தனித் தொட்டி இருக்கிறது, மருந்து பூட்டின அறையில் இருக்கிறது. மற்ற தோட்டங்கள் எல்லாம் மாறிவிடவில்லை. போய்க்கொண்டிருக்கிறோம், கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வி அக்கா வீட்டில் உட்கார்ந்து நான் சந்தாலி கற்றுக்கொள்கிறேன். தலையை ஆட்டிவிட்டு வருகிற பழக்கம் போய்விட்டது.

பூல்மணி ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அவளை எங்கள் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அவள் சன்னதிக்குள் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்று, மரத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினாள். "எங்க ஊர்லயும் அம்மா மரத்துலதான் இருக்கா" என்றாள் சந்தாலியில். செல்வி அக்கா சொல்லித் தராமலே எனக்கு அது புரிந்தது.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இன்று வாயில் நல்ல வார்த்தை வராமல் இருக்கலாம். யாரிடம் சொன்னாலும் புரியவில்லையே என்று தவித்துக்கொண்டிருக்கலாம். எப்படி வருகிறதோ அப்படியே தாயிடம் சொல்லுங்கள். கத்த வேண்டுமென்றால் கத்துங்கள். அவளுக்குப் புரியும்.